இரண்டு கட்டில் போட்ட அறை

வேலையால் வந்து பார்த்தால் மகனின் கட்டிலைக் காணவில்லை. அலுமாரி இருந்தது, மேசை இருந்தது, சுவரில் ஒட்டிய கிரிக்கெட் படம் இருந்தது. கட்டில் மட்டும் இல்லை. கள்ளன் வந்தானென்றால் கட்டிலையா தூக்கிக்கொண்டு போவான் என்று யோசிக்கிற நிதானம்கூட எனக்கு அப்போது இருக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டேன். கடல் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். இருவர் கையிலும் இரும்புக் கறள். மகன் ஓர் ஆணியை என்னிடம் நீட்டினான்.

"இது மட்டும் மிஞ்சிட்டுது அம்மா. எங்க பூட்டுறது எண்டு தெரியேல்லை."

வெள்ளவத்தைக்கு இந்த வீட்டுக்கு வந்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் ஓர் அனெக்ஸில், ஒரே அறையில், எல்லோரும் காலும் தலையும் முட்ட முட்டப் படுத்தோம். கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதே இதற்காகத்தான்: மகள் வளர்கிறாள், அவளுக்கென்று ஓர் அறை வேண்டும். தொடர்மாடியின் நாலாம் மாடியில் மூன்று அறை வீடு பார்த்தோம். மகளுக்குக் கடல் பக்கத்து அறை, மகனுக்கு என் அறைக்குப் பக்கத்து அறை. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு யன்னல். நான் சின்ன வயதில் கனவிலும் காணாத வசதி. இவர்கள் அதை ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பூட்டி இல்லாமல் செய்துவிட்டார்கள்.

"உன்ர அறைக்கு என்ன குறை?" என்று மகனைக் கேட்டேன்.

"குறை இல்லை. கதைக்க ஆள் இல்லை."

"நாங்க ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் செய்தனாங்கள்," என்றாள் மகள், பெரிய மனுசி மாதிரி.

நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நட்டஈட்டுப் பிரிவில் இருக்கிறேன். உலகத்தில் நடக்கக்கூடாதது எதுவோ அது நடந்து முடிந்து, படத்தோடு என் மேசைக்கு வரும். அந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தால் எதைப் பார்த்தாலும் அதன் கெட்ட முடிவுதான் முதலில் தெரியும். யன்னலைப் பார்த்தால் விழுகிற பிள்ளை, வயர் நைந்த ஃபேனைப் பார்த்தால் நெருப்பு. அன்றைக்கு அந்த இரண்டு கட்டில்களையும் பார்த்தபோது என்ன கெட்ட முடிவு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பொம்பிளைப் பிள்ளை. சனம் என்ன சொல்லும்? ஏன் தனியாக இருக்கமாட்டோம் என்கிறார்கள்? எதற்காவது பயப்படுகிறார்களா? என்னிடம் சொல்லாமல் எதையாவது வைத்திருக்கிறார்களா?

ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கடலிலிருந்து ஒரு திமிங்கலம் ஏறி வந்து கரையோரத் தண்டவாளத்தில் படுத்தால், விலக வேண்டியது திமிங்கலமா ரயிலா என்று வாக்குவாதம். மகள் ரயில் பக்கம். மகன் திமிங்கலத்தின் பக்கம். ரயிலுக்கு அட்டவணை இருக்கிறது என்றாள் அவள். திமிங்கலத்துக்குப் பிள்ளை இருக்கலாம் என்றான் இவன். வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன். அடுத்த நாளும் போய் நின்றேன், அது வேறு கதை.

வத்தளையில் இருக்கிற மச்சாள், என் கணவரின் தமக்கை, முதல் முறை வீடு பார்க்க வந்தார். எல்லா அறையையும் திறந்து பார்த்து, காற்றோட்டம் நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடல் பக்கத்து அறை வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை இது? ரெண்டு பேரையும் ஒண்டாப் போட்டிருக்கிறீர்?"

"அவை தாங்களே போட்டுக்கொண்டினம் மச்சாள். சின்னப் பிள்ளையள்தானே."

"இண்டைக்குச் சின்னன். நாளைக்கு? அவள் பெரியபிள்ளை ஆனா என்ன செய்வீர்? அறை இல்லாத சனம் என்னவோ செய்யட்டும். உமக்கு அறை இருக்கு."

மச்சாள் சொன்னால் அது கட்டாருக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். போனது. கணவர் போனில், "அக்கா சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு" என்றார். நான் இரண்டு பக்கமும் கோபிக்காத ஒரு வழி கண்டுபிடித்தேன். மகளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன்.

"நீங்கள் பெரியபிள்ளை ஆகும் மட்டும் ஒண்டா இருங்கோ. அதுக்குப் பிறகு தம்பி தன்ர அறைக்குப் போகவேணும். சரியோ?"

அவள் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "ஓம்" என்றாள். பெரிய பிரச்சினையைச் சின்னதாக முடித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளையின் உடம்புக்கு ஒரு தவணை வைத்து, அந்தத் தவணை வந்தால் தண்டனை என்று சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குப் படவில்லை.

அதற்குப் பிறகு காலையில் அவளுடைய கட்டிலை நானே விரிக்கத் தொடங்கினேன். அவளுக்கு விரிக்கத் தெரியும், என்னைவிட மடிப்பில்லாமல் விரிப்பாள். ஆனாலும் விடமாட்டேன். பெட்ஷீட்டை உதறுகிற சாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எங்கள் ஆட்களில் பிள்ளை பெரியவளானதை முதலில் காண்பது தாயாக இருக்கவேண்டும், கண்ட நேரம் சரியாகத் தெரிந்திருக்கவேண்டும். அதை வைத்துத்தான் சாத்திரியார் பலன் பார்ப்பார். நேரம் தவறினால் மச்சாளுக்கு நான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதற்றத்தில் ஒரு வருடத்துக்கு மேல் அவளுடைய பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன தேடுகிறேன் என்று பிள்ளைக்குத் தெரியாது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மகனின் கட்டிலை நான் பார்ப்பதே இல்லை. சனிக்கிழமைகளில் தோய்க்க எடுக்கும்போது மட்டும் இழுத்தெடுப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை இழுத்தெடுத்தபோது ரத்தம்.

சின்னக் கறைதான். யாரோ தண்ணீர் தொட்டுத் துடைத்திருந்ததில் ஓரம் மட்டும் மண்ணிறமாகப் பரவியிருந்தது. எங்கள் தொடர்மாடியில் அந்த மாதம் டெங்கு. இரண்டாம் மாடிப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. மாநகரசபை ஆட்கள் வந்து பூச்சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்து, வீடெல்லாம் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெட்ஷீட்டோடு மகனிடம் ஓடினேன்.

"தம்பி, இது என்ன?"

மகன் தமக்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மூக்கால வந்தது."

"எப்ப? ஏன் சொல்லேல்லை?"

"கொஞ்சம்தான் வந்தது."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு ஆபத்து என்று எங்கோ கேட்டிருந்தேன், அதனால் காய்ச்சல் இல்லாததே எனக்குப் பயமாகிவிட்டது. போனில் தேடினேன். போனில் தேடினால் எந்த வருத்தமும் சுடலையில்தானே போய் முடியும்.

"அவனுக்கு ஒண்டுமில்லை அம்மா," என்றாள் மகள் வாசலில் நின்று. "வெயிலுக்கு வந்திருக்கும்."

"நீங்கள் பெரிய டொக்டரோ? போய் உடுப்பை மாத்துங்கோ, ரெண்டு பேரும்."

எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு டொக்டர் இருக்கிறார். மகனின் மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். வயிற்றை அமத்தினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்குக்குள்ள ஒண்டையும் காணேல்லையே. காய்ஞ்ச ரத்தம்கூட இல்லை. பிள்ளை நல்லாத்தான் இருக்கிறார்."

"இல்லை டொக்டர், எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாப்பம்."

"தேவையில்லை எண்டுதான் நான் நினைக்கிறன்."

"எதுக்கும்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதித் தந்தார். என் மாதிரித் தாய்மார் அவருக்குப் புதிதில்லை.

என் மகனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று மேசைக்குக் கீழே புகுந்து, ரீச்சரும் பியோனும் காலைப் பிடித்து இழுத்து எடுத்த ஆள். இந்த முறை அவன் ஓடவில்லை. காலி வீதி லாப்பில் கதிரையில் போய் ஏறி இருந்தான். சட்டைக் கையைத் தானே சுருட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அவனைப் பெற்றவளுக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். எனக்கு விளங்கியது வேறு. ஓடுவதற்குக்கூடத் தெம்பு இல்லை, பிளேட்லெட் அவ்வளவு இறங்கிவிட்டது என்று நினைத்து, கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன்.

"பய வெண்ட எப்பா மல்லி," பயப்படாதே தம்பி என்று ரத்தம் எடுக்கிற சிங்களப் பிள்ளை அவனைத் தேற்றிக்கொண்டே கையில் ரப்பரைக் கட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டாள். மகன் கண்ணை மூடினான்.

"எப்பா மிஸ்," என்று சிங்களத்தில் தடுத்தாள் என் மகள்.

ஊசி நின்றது. மகள் என் பக்கம் திரும்பினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அவனுக்குக் குத்த வேண்டாம் அம்மா. அது அவன்ர ரத்தம் இல்லை. என்ர. நாங்க பெட்ஷீட்டை மாத்திப் போட்டனாங்கள். நீங்க என்ர கட்டிலைத்தானே பாக்கிறனீங்கள்."

அதுவரை சத்தமில்லாமல் இருந்த மகன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். ரப்பர் கட்டின கையோடு கதிரையிலிருந்து இறங்கித் தமக்கையிடம் போனான்.

"ஏனக்கா சொன்னீங்கள்? நான் குத்துவிச்சிருப்பன்தானே. இப்ப அறை போயிட்டுது."

லாப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியமாதிரியும் இருந்தது. ரப்பரை அவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். நான் என்னவோ சிங்களத்தில் சொல்லி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஓட்டோவில் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். டெங்கு இல்லை. இரண்டாவதாக வந்தது பதற்றம். எப்போது கண்டாள், நேரம் என்ன, யாருக்கு முதலில் சொல்வது, அறைக்கு என்ன ஒழுங்கு. கை தானாகப் போனை எடுத்தது. இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, மச்சாளுக்குச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு?"

"பிள்ளை, எப்ப கண்டனீங்கள்?" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தால வந்த பிறகு." வெளியே பார்த்தபடி சொன்னாள். "பேட் வெள்ளிக்கிழமை ரீச்சரிட்ட வாங்கினனான்."

இரண்டு நாள் என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால். நான் அவளுக்குச் சோறு போட்டிருக்கிறேன், தலை இழுத்திருக்கிறேன், கணக்கில் ஏன் புள்ளி குறைந்தது என்று ஏசியுமிருக்கிறேன். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது போன் கட்டாரிலிருந்து அடித்தது. பிறகு லண்டன். பிறகு ரொறன்ரோ. எல்லோருக்கும் சந்தோசம். மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னேரம் மச்சாள் நல்லெண்ணெயும் முட்டையும் கத்தரிக்காயும் வேப்பிலையுமாக வந்து இறங்கினார். மகளை, மகனுக்கென்று எடுத்த அறையில் இருத்தினார். சடங்குத் தண்ணி வார்க்கும் மட்டும் ஆம்பிளைப் பிள்ளை முகத்தில் முழிக்கக் கூடாது என்று வாசலில் ஒரு சேலையையும் கட்டினார். மண்டபம் எது நல்லது, வீடியோவுக்கு யார் என்று அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது. வீட்டிலிருக்கும் எட்டு வயதுத் தம்பிக்குச் சொல்லக் கூடாத விசயமாம் இது. ஆனால் அட்டை அடித்து, ஊரைக் கூட்டி, சாப்பாடு போட்டு, படம் பிடித்து அனுப்பலாமாம். நானும் என் நேரத்தில் பல்லக்கில் ஏறி இருந்தவள்தான். அன்றுவரை இதில் எனக்கு ஒரு பிழையும் தெரிந்ததில்லை.

மகன் சேலைக்கு இப்பால் நிலத்தில் இருந்து வீட்டுப் பாடம் எழுதினான். அவனுக்கு எதையாவது சொல்லவேண்டும் என்று பக்கத்தில் போய் இருந்தேன்.

"தம்பி, அக்காவுக்கு வருத்தம் ஒண்டுமில்லை. அது வந்து, பொம்பிளைப் பிள்ளையளுக்கு..."

"தெரியும் அம்மா. ஒவ்வொரு மாசமும் வரும். சாகமாட்டினம். அக்கா சொன்னவ." எழுதுவதை நிறுத்தாமல் சொன்னான். "வயித்துக்குள்ள நோகுமாம். நீங்க சுடுதண்ணிப் போத்தல் குடுத்தனீங்களோ?"

நான் கொடுக்கவில்லை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்தான் கொடுத்திருந்தேன்.

போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டாள். அந்த அறையில் அவளுடைய சாமான் ஒன்றும் இல்லை. சுவரில் தம்பியின் கிரிக்கெட் படம் மட்டும்.

"ஏன் குஞ்சு எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன அடிப்பனோ?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். கோபமே இல்லை.

"உங்களுக்குச் சொன்னா நீங்க எல்லாருக்கும் சொல்லுவீங்கள் அம்மா. தம்பி ஒருத்தருக்கும் சொல்லமாட்டான்."

என் கையில் போன் அடித்தது. பார்த்தேன், எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டு இனி என்ன பிரயோசனம். அழுதால் அதையும் அவள் தேற்றவேண்டி வரும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வந்த பயம் டெங்குப் பயத்தை விடப் பெரியது. இந்த ஊரில், பஸ்ஸிலும் ரியூசனிலும் போனிலும், ஒரு பெண்பிள்ளைக்கு இனி என்னென்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான். நடந்தால் இவள் எனக்குச் சொல்வாளா? சொல்லமாட்டாள். பெட்ஷீட்டை மாற்றிப் போடுவாள். எட்டு வயதுப் பொடியன் ஊசிக்குக் கையை நீட்டுவான். நான் வெளியே நின்று வேறு எதற்கோ பயந்துகொண்டிருப்பேன். கந்தோரில் கோப்பைத் திறந்தபடி இதையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்கவேண்டும் என்று மச்சாள் நெருக்கியபோது, "பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அப்படி ஒரு வசனத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. நான்கூட. கேட்டேன். மகள் வேண்டாம் என்றாள். தண்ணி மட்டும் வார்ப்போம், சேலை கட்டுகிறேன், வத்தளை மாமிக்காக ஒரு படம் எடுக்கலாம் என்றாள். கணவரிடம் சொன்னேன். அவர் "அக்காவை நீரே சமாளியும்" என்றார்.

தண்ணி வார்த்து, ஆராத்தி எடுத்து, படமும் எடுத்து முடிந்தது. மச்சாள் சாமானை அடுக்கும்போது கேட்டார்.

"மண்டபம்தான் இல்லை. கட்டிலையாவது இந்த அறைக்கு மாத்தினீரோ?"

"இல்லை மச்சாள். எங்க படுக்கிறது எண்டு அவை ரெண்டு பேரும் முடிவெடுக்கட்டும்."

"பிள்ளையளிட்ட முடிவைக் குடுத்தா வீடு உருப்படுமோ?"

"தெரியாது," என்றேன். உண்மையாகவே தெரியாது. மச்சாள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வத்தளைக்குப் போய்விட்டார்.

மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கத்து அறைக்குப் போனாள். மகன் பின்னால் சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு சத்தம். அந்தக் கதவில் கொண்டி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் போட்டதில்லை.

உள்ளே குசுகுசுப்பு. கிட்டப் போய் நின்றால் கேட்டிருக்கும். நான் வழக்கமாக நிற்கிற இடம்தான். அன்றைக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டினேன். என் பிள்ளைகளின் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

குசுகுசுப்பு நின்றது.

"ஆரது?" என்றான் மகன்.

"நான்தான், அம்மா. உள்ள வரலாமோ?"

கட்டிலிலிருந்து ஆள் இறங்குகிற சத்தம். பிறகு கதவுக்கு மிகக் கிட்டத்தில், மரியாதையாக, அவன் குரல் கேட்டது.

"பொறுங்கோ அம்மா. அக்காவிட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன்."